கொடை இரவில் வில்லுப்பாட்டு கேட்கச் செல்வோருக்கு

நாகர்கோவிலுக்குப் புதிதாகக் குடிவருவோர் பலரும், நேரில் பாட்டுக் கேட்க இங்கே அரங்கம் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதுண்டு. இம்மாவட்டத்தின் சிறந்த இசையில் பெரும்பங்கு டிக்கெட் இல்லாமல், சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோவில்களின் முன்னால் போடப்படும் பந்தலில்தான் கிடைக்கிறது. சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் தேநீர்க் கடைச் சுவர்களைக் கவனியுங்கள். அங்கே ஒட்டப்படும் கொடை (இக்கோவில்களின் திருவிழா) நோட்டீசில், வில்லுப்பாட்டு பாடும் வில்லிசைக் குழுவின் பெயரும் நேரமும் இருக்கும். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமையாக இருக்கும்.

அழைப்பு எதுவும் தேவையில்லை. ஆயினும் பந்தலில் நுழைந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், பாட்டுக் கேட்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு அமர்வது நல்லது. பிறகு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) தானாகவே வந்து சேரும்.

இடம் பிடிப்பதில்தான் அனுபவம் வேண்டும். முதன்முறை நான் ஒலிபெருக்கிக்கு நேரெதிரே உட்கார்ந்து, மறுநாள் மாலை வரை காதில் இரைச்சலோடு அலைந்தேன். குடம் அடிப்பவரின் கை தெரியும்படி முன்வரிசையில், சற்று ஒதுங்கி அமருங்கள். வில்லைத் தாங்கியிருக்கும் மண்குடத்தின் வாயில் அவர் மட்டையால் அடிக்கும்போது எழும் கனத்த ஓசையும், முதன்மைப் பாடகரான புலவர் வீசுகோல் என்னும் சிறு கோலால் வில்லின் நாணைத் தட்டும்போது குலுங்கும் மணிகளின் ஒலியும், உடுக்கையும் தாளமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதை அங்கிருந்து தனித்தனியே பிரித்துக் கேட்க முடியும்.

காப்பு, குருவணக்கம், அவையடக்கம் என்று தொடக்கம் நிதானமாகவே செல்லும். அரை மணி நேரத்தில் எழுந்து போகிறவர்கள் இந்த முன்னுரையை மட்டும் கேட்டுவிட்டு, வில்லுப்பாட்டு சலிப்பூட்டுவது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கதைக்குள் புகுந்த பின்னர், புலவர் ஓர் அடியைப் பாட, எதிரே இருப்பவர் 'ஆமா' என்று அதை வாங்கி நீட்டுவார். நடுநடுவே நாஞ்சில் நாட்டுப் பேச்சிலேயே கிண்டலும் வரும். நள்ளிரவில், தெய்வத்தின் வரத்தை, அதாவது வருகையைப் பாடும் கட்டத்தில் தாளம் விரைவடைய, நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ள, சாமியாடுபவர் எழுவார். அந்த நேரத்தில் கைபேசி விளக்கை அடிக்கவே கூடாது. ஒருமுறை நான் அடித்தபோது, 'மக்கா, அத உள்ள வையி' என்று பாட்டி ஒருவர் கண்டித்தது இன்னும் நினைவிருக்கிறது.

இரவு விழிக்க இயலாதவர்கள் மார்கழித் திருவிழாவில் சுசீந்திரத்துக்கும், மாசியில் மண்டைக்காட்டுக்கும் போகலாம். கூட்டம் அதிகம் என்பதால், சாய்ந்து உட்கார்ந்து கேட்கும் சுகம் அங்கே குறைவு.

முழு இரவும் இருக்கத் துணிந்தவர்கள் மாலையில் சிறிது தூங்கிவிட்டு, ஒரு துண்டும் தண்ணீரும் எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பி வர இரவில் பஸ் கிடைக்காது என்பதால் முதல் பஸ் வரை காத்திருக்க நேரும். கதையின் முடிவில் வாழ்த்திப் பாடும் வாழிப்பாட்டு முடிந்ததும் தோவாளைக்குப் போனால், பூச்சந்தையில் பிச்சி மூட்டைகளை அவிழ்க்கும் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம்.