ஏற்காட்டுக் குளிருக்குக் கரியடுப்பு மூட்டப் போகிறீர்களா?

டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்துத் தங்கினால் ராத்திரி எப்படியும் ஒருத்தர் கரி வாங்கலாமா என்று ஆரம்பிப்பார். வாங்குங்கள். மரக்கரி, இல்லையென்றால் இஸ்திரிக்காரர்கள் போடும் கொட்டாங்குச்சிக் கரி. நிலக்கரி மட்டும் வேண்டாம், அதில் கந்தகம் இருக்கும், எரிந்தால் தொண்டையைப் பிடிக்கும், அந்தப் புகையில் சுட்ட கோழியை வாயில் வைக்க முடியாது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் அதைத்தானே எரிக்கிறார்கள் என்றால், அங்கே முகப்பவுடர் மாதிரி அரைத்துக் காற்றோடு சேர்த்துக் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள், துகளுக்குத் துகள் காற்று கிடைப்பதால் ஏறக்குறைய முழுசாக எரிந்துவிடுகிறது. சட்டியில் குவித்த கரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கும்முட்டி அடுப்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட இரும்புச் சட்டி போதும். திறந்தவெளியில் வைத்து, காய்ந்த சுள்ளி, அதன்மேல் சின்னக் கரி, அப்புறம் பெரியது என்று போடுங்கள், அமுக்கி அடைக்க வேண்டாம். எரிகிற கரிமேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வீரம் எல்லாம் வேண்டாம், குப்பென்று முகத்துக்கு வரும். கீழ் ஓட்டைப் பக்கம் விசிறினால் போதும். முதலில் ஈரம் போகும், படபடவென்று பொரியும், பிறகு கரியில் மிச்சமிருக்கும் வாயுக்கள் மஞ்சளாகப் புகையோடு எரியும், கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் வெளுத்து உள்ளே செக்கச்செவேலென்று கங்காகிவிடும். கறி சுட இதுதான் பதம்.

புகை நின்றுவிட்டதே, சரி, உள்ளே தூக்கி வைக்கலாம் என்று தோன்றுவதும் இப்போதுதான். வைக்காதீர்கள். கீழே காற்றுப் படுகிற இடத்தில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, அது மேலே ஏறும்போது சூடான கங்குகளில் பட்டு, அங்கிருக்கும் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது. கங்கின் மேல் மெல்லிசாக நீலச் சுடர் ஆடுமே, அது இந்த வாயு எரிவதுதான். சுடர் அடங்கிச் சாம்பல் மூடியதும் அது எரியாமலே வெளியே வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று வரும், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால் போதும் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுப்பு வெளியே, கம்பளி உள்ளே. யாருக்காவது தலை கனத்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள்.

முடித்ததும் கங்கை அப்படியே தோட்டத்து ஓரம் கொட்டக் கூடாது, நீறு பூத்திருந்தாலும் உள்ளே மணிக்கணக்கில் சூடு இருக்கும், காபித் தோட்டத்து சில்வர் ஓக் சருகு பற்ற அவ்வளவு போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கிளறி, மறுபடி தெளியுங்கள். ஆறின மரக்கரிச் சாம்பலைச் செடிக்குப் போடலாம், சாம்பல் சத்து உண்டு. அடுப்பைக் கீழே சேலத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தால் கரியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், அரைகுறையாக அணைந்ததை டிக்கியில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் அதே வாயுதான் காருக்குள்ளும் சேரும்.