பிளஸ் டூவுக்கு அப்புறம்: நெல்லைப் பக்கம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. "அண்ணாச்சி, எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸுன்னு சொல்லுதாங்க, நம்ம பயலுக்கு எதைப் போடலாம்?" என்று கடைக்காரரிடமே யோசனை கேட்பார்கள். அவரும் பாவம், தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். எந்தப் படிப்பு நல்லது என்ற விவாதம் வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறது. எந்தப் படிப்புக்கு எந்த மார்க், எந்தத் தேர்வு, எந்தச் சான்று வேண்டும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. என் கணக்கில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

முதலில் மார்க். 600-க்கு 540 வாங்கிய பையன் வீட்டில் ஸ்வீட் கொடுத்து முடித்திருப்பார்கள். தமிழ் 97, ஆங்கிலம் 95, கணினி அறிவியல் 98, கணிதம் 80, இயற்பியல் 84, வேதியியல் 86 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; கணிதத்தை 100-க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் சுருக்கி 200-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். 80, 42, 43; மொத்தம் 165. மொத்த மார்க்கை மனதில் வைத்துக்கொண்டு, கல்லூரி இடம் ஒதுக்கும் கவுன்சலிங்குக்குப் போகிற குடும்பம் அதிர்ச்சி அடைவது இங்கேதான். போன வருடம் எந்தக் கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்று பார்க்கும்போதும் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரிய பத்தியைப் பாருங்கள். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டுச் சோர்ந்து போகிறவர்கள் நிறைய.

அடுத்தது நீட். உயிரியல் எடுத்த பிள்ளை என்றால் நீட், அதை விட்டால் இன்னொரு வருடம் நீட் என்று ஒரே கோட்டில் ஓடுகிறார்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குத்தான் நீட். நீட் கேட்காத கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. இவை எதுவும் பொறியியல் கவுன்சலிங்கில் வராது. விண்ணப்பமும் வேறு, கடைசித் தேதியும் வேறு. நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தேதி தாண்டிவிடக்கூடும். இதற்கு நேர்மாறாக, பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேவையில்லை என்று நம்புகிறவர்களும் உண்டு. சித்தாவுக்கும் நீட் வேண்டும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளில் பொறியியல் சேர எழுதும் ஜே.இ.இ. தேர்வு பற்றி மே மாதம் விசாரித்துப் பயனில்லை. மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலுமாக, பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே முடிந்துவிடும். தமிழிலும் எழுதலாம் என்பது பல பேருக்குத் தெரியாது.

இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரியைப் பார்த்து வளர்கிற பணகுடி, காவல்கிணறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ ஆசை இருப்பது இயல்பு. அதற்காக, பெயரில் விமானமும் விண்வெளியும் இருக்கிறதே என்று ஏதோ ஒரு கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் சேர்ப்பது அவசரம். இஸ்ரோ விஞ்ஞானி, பொறியாளர் பணிக்குப் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைத்தான் கேட்கிறது. மகேந்திரகிரி மையத்தின் டெக்னீஷியன் வேலைகளுக்கு ஐ.டி.ஐ. படித்தவர்களையும், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைகளுக்கு டிப்ளமோ படித்தவர்களையும் எடுப்பார்கள். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே நடத்தும் ஐ.ஐ.எஸ்.டி. என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது, அங்கே பி.டெக். சேர, மெயினுக்கு அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் ரேங்க் வேண்டும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பிரவுசிங் சென்டரில் கூட்டம் அதிகமானால், அவசரத்துக்குக் கடைக்காரரே தன் செல் நம்பரையும் இமெயிலையும் போட்டுவிடுவார். ஓ.டி.பி. அவருக்குப் போகும், பாஸ்வேர்டும் அவரிடம் இருக்கும். கவுன்சலிங்கில் கல்லூரிகளைத் தேர்வு செய்யச் சில நாள்களே இருக்கும்போது கடை பூட்டியிருந்தால்? நம்பரும் இமெயிலும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயரையும் பாருங்கள். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது அப்பா பெயர் முழுதாக இருக்கும். தேசியத் தேர்வுப் படிவங்களில் இது வீண் அலைச்சலைக் கொடுக்கும். ஆதாரைப் பிளஸ் ஒன்னிலேயே திருத்திவிடுவது நல்லது.

கவுன்சலிங்குக்கான பட்டியலில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில் நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆசைப்பட்டது கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, கிடைத்துவிடும் என்று தோன்றுவதை முதலில் போடுகிறார்கள், ஆசைப்பட்டதை ஆறாவதாக. உங்கள் ரேங்க் வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். இடம் காலியாக இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். கீழே இருப்பது உங்கள் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியது என்றால், மேலே எத்தனை பெரிய கல்லூரியைப் போட்டாலும் அது பறிபோகாது. ஆனால் கிடைக்கக்கூடியதை மேலே வைத்துவிட்டால் ஆசைப்பட்ட வரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, எது வேண்டும் என்ற வரிசையில் போடுங்கள், எது கிடைக்கும் என்ற வரிசையில் வேண்டாம். பட்டியல் நீளமாக இருக்கட்டும். ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்தியவர்கள் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் நிற்பார்கள்.

இடம் ஒதுக்கியதும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்கிறேன் ஆனால் மேலே காலியானால் மாறிக்கொள்கிறேன் என்று சில வாய்ப்புகளைக் காட்டி எது வேண்டும் என்று கவுன்சலிங் இணையதளம் கேட்கும். மாறிக்கொள்கிறேன் என்று கொடுத்து, மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் சும்மா ஒப்புக்கு எந்தக் கல்லூரியையும் மேலே வைக்காதீர்கள். பெயர்க் குழப்பம் இன்னொன்று. நெல்லையிலேயே அரசு பொறியியல் கல்லூரி ஒன்று, அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம் ஒன்று. தனியாரில் ஒரே புனிதர் பெயரிலும் ஒரே சாமி பெயரிலும் எத்தனையோ. ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கவுன்சலிங் குறியீட்டு எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பேருந்தின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைவிட அது உண்மை பேசும்.

சான்றிதழ்களில், பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மாநிலக் கவுன்சலிங்குக்கு வைத்திருக்கும் சாதிச் சான்று நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் போதாது, மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தால் அது கிடைக்காது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அதைக் கேட்க முடியாது.

பெண் பிள்ளைகளை "நர்சிங்" என்று ஒரு வருட டிப்ளமோவில் சேர்க்கும் முன், அந்தப் படிப்பை நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பை வைத்து அரசு நர்ஸ் வேலைக்கு மனுப்போட முடியாது.

கவுன்சலிங் முடிவு வருவதற்குள் "சீட்டைப் பிடிச்சு வைங்க" என்று அட்வான்ஸும் ஒரிஜினல் டி.சி., மார்க்‌ஷீட்டும் கேட்கிற கல்லூரிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை. ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிய பணத்துக்கு ரசீதும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ரசீது தர மாட்டோம் என்றால் பணத்தையும் கட்டாதீர்கள்.