டெபியன் தானியங்கி நிறுவலில் சீன உள்ளீடு

சீன வணிகர்களுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் குன்னூர்த் தேயிலை அலுவலகத்துக்கு டெபியன் இயங்குதளத்தை ஆள் தலையீடின்றி நிறுவுவோர், சீன எழுத்து உள்ளீட்டு ஏற்பாட்டையும் பிரிசீட் கோப்பிலேயே, அதாவது நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தரும் கோப்பிலேயே, முடித்துவிடலாம். இடைமுகம் தமிழிலேயே இருக்கட்டும். அதைச் சீனமாக்க வேண்டியதில்லை. கூடுதல் தொகுப்புகளுக்கான வரியில் எஃப்சிடிஎக்ஸ்5 என்னும் உள்ளீட்டு மென்பொருள், அதன் சீனத் துணைத்தொகுப்பு, சீன எழுத்துகளைக் காட்டும் நோட்டோ சிஜேகே எழுத்துரு ஆகியவற்றைச் சேர்க்கவும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்களே தெரியக்கூடும்.

சிக்கல் அடுத்த படியில்தான். பின்யின் (சீன ஒலிப்பை ரோமன் எழுத்தில் தட்டும் முறை) சேர்க்கப்பட்ட எஃப்சிடிஎக்ஸ்5 சுயவிவரக் கோப்பை, புதிய பயனர்களின் இல்ல அடைவுக்கு வார்ப்புருவாக உள்ள ஸ்கெல் அடைவில் மட்டும் வைத்தால், பின்னர் உருவாகும் பயனர்களுக்கே அது கிடைக்கும். இந்தக் கோப்பை வைக்கும் பிரிசீட்டின் இறுதிக் கட்டளை, நிறுவல் முடியும் தறுவாயில் இயங்குவதற்குள் முதல் பயனரின் கணக்கு உருவாகிவிடுவதால், அவருடைய இல்ல அடைவுக்கு அதைத் தனியே நகலெடுத்து, கோப்பின் உரிமையையும் அவர் பெயருக்கே மாற்ற வேண்டும். பிறகு கண்ட்ரோல், ஸ்பேஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தி, சி, ஹெச், ஏ என்று தட்டினால், தேநீரைக் குறிக்கும் எழுத்து பட்டியலில் வர வேண்டும்.