குண்டுவெடிப்புக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே 6ஆம் திகதி அரச பாடசாலைகளில் தரம் 6 முதல் வகுப்புகள் தொடங்கியபோது பலருடைய இடங்கள் வெறுமையாகவே இருந்தன. அப்படியொரு காலையில் ஆசிரியர் என்ன செய்வது?

முதல் பாடவேளையில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். உறுதியாகத் தெரிந்ததை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்விக்கு, "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். இருபது நிமிடத்துக்குப் பிறகு நேரசூசிக்குத் திரும்புங்கள். அடுத்த மணிக்கு என்ன பாடம் என்று தெரிவதே பதறிய மனதுக்குப் பிடிமானம்.

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "நீ என்ன கண்டாய்?" என்று வரிசையாகக் கேட்காதீர்கள். நல்லெண்ணத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. கண்ட பிள்ளை மறுபடி அந்த இடத்துக்கே போகிறது. காணாத பிள்ளை புதிதாகச் சுமக்கிறது. இப்படி நடந்ததை விவரிக்கவைக்கும் அமர்வை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் தனியே வரட்டும். எங்கே, எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று சொல்லிவையுங்கள்.

குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதற்காக முஸ்லிம் மாணவரை நோக்கி ஒரு கேலி விழுந்தாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு இரட்டைப் பயம்: குண்டுக்கும், பக்கத்து மேசைக்கும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ஆசிரியரும் அதை ஏற்கிறார் என்றே வகுப்பு எடுத்துக்கொள்ளும்.

மாணவர்களே, தூக்கமின்மை, எரிச்சல், கதவு அடித்தாலே திடுக்கிடுவது எல்லாம் முதல் வாரங்களில் இயல்பு. சம்பவ வீடியோக்களைப் பார்க்கவோ பகிரவோ வேண்டாம். இரவில் போனை வேறு அறையில் வையுங்கள். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் தொடருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அது இறந்தவருக்குத் துரோகமல்ல.

பட்டாசோ தீயணைப்புப் பயிற்சியோ இருந்தால் முதல்நாளே அறிவியுங்கள்.

ஆசிரியர்களும் அதே செய்தியைக் கேட்டவர்கள்தான். வகுப்பில் கண் கலங்கினால் பரவாயில்லை. பேசவே முடியாமல் போனால் பொறுப்பேற்க ஒருவரை அதிபர் முன்பே ஒழுங்கு செய்யவேண்டும்.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவுகள் குறையாவிட்டால் உளவளத்துணை ஆசிரியரிடமோ மருத்துவமனை உளநலப் பிரிவிலோ காட்டுங்கள். சாகவேண்டும் என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் காத்திராதீர்கள். தனியே விடாமல் உடனே இலங்கையின் தேசிய உளநல உதவி எண்ணான 1926ஐ அழையுங்கள்.