குளிர்காலத்துக்கு மெக்சிகோ போகிற அக்காவுக்கு

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்காவின் மகனுக்கு மெக்சிகோவில் குவாதலஹாரா என்ற ஊருக்கு வேலை மாற்றல் ஆகியிருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள அக்கா நவம்பரில் கிளம்புகிறார், ஐந்து மாதத்துக்கு. "நீ போய் வந்தவளாச்சே, என்ன எடுத்துக்கிட்டுப் போகட்டும், என்ன சாப்பிடறது, குளிர் தாங்குமா?" என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து சொன்னதில் பாதியை மறந்துவிட்டேன். அதனால் முழுதாக எழுதுகிறேன். வேறு யாராவது கிளம்பினாலும் உதவும்.

நானும் என் வீட்டுக்காரரும் அதே ஊரில் மகள் வீட்டுக்கு 2023 அக்டோபர் கடைசியில் போய், மாங்காய் அறுப்புக்கு முன்னால், 2024 மார்ச் கடைசியில் காவேரிப்பட்டணம் திரும்பினோம்.

முதலில் விசா. மெக்சிகோ தூதரகத்தில் வாங்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் விசாவோ, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோ கையில் இருந்தால் மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே மகனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அங்கே இறங்கியதும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அதிகாரிதான் முடிவு செய்கிறார். அதிகபட்சம் 180 நாள். திரும்பி வரும் டிக்கெட், மகனின் முகவரி, அவர் எழுதிய அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். முத்திரையில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு நகருங்கள். பிறகு மாற்றுவது லேசான காரியம் இல்லை.

குளிர் என்றதும் பனிக்கட்டி கொட்டும் என்று பயப்பட வேண்டாம். குவாதலஹாரா ஏறக்குறைய ஏற்காடு உயரத்தில் இருக்கிறது. பகலில் 24, 25 டிகிரி வெயில், மழை அபூர்வம். இருட்டினதும் சரசரவென்று இறங்கி, விடியற்காலையில் 8 டிகிரிக்கு வந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் தங்கியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே சூடேற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது, தரை முழுக்க டைல்ஸ். அதனால் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிரும். கனமான கம்பளிக் கோட்டு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு ஸ்வெட்டர், நாலு ஜோடி காலுறை, வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, காதை மூட ஒரு சால்வை, இவ்வளவு போதும். போர்வை அங்கே சந்தையில் நல்லதாகவே கிடைக்கிறது. காலை பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் உட்காருங்கள், மூட்டுவலிக்கு அதுதான் மருந்து. காற்று வறட்சியாக இருப்பதால் உதடும் குதிகாலும் வெடிக்கும். படுக்கப் போகும்முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

அந்த மொட்டைமாடியில் துவைக்கிற கல்லும் இருக்கும். சிமெண்டில் வரிவரியாகப் போட்டு, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. லாவதேரோ என்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி கவலை போய்விட்டது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. நம் ஊர் மாதிரியே 20 லிட்டர் கேன்தான், கராஃபோன் என்று கேட்க வேண்டும். சமையலுக்கும் அதையே வையுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். அந்தக் காகிதத்தையும் பல வீடுகளில் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில்தான் போடுவார்கள், குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால். ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் இருக்கட்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கரண்ட் அங்கே 127 வோல்ட். நான் மூன்று ஜாரோடு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனேன். நம்முடையது 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே போட்டால் உறுமுகிறது, சட்னி அரைபடவில்லை. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் எடுத்துப் போக வேண்டாம். செல்போன் சார்ஜர் மட்டும் வேலை செய்யும், அதற்கும் தட்டையான இரட்டைக் கால் பிளக் வேண்டும். குக்கர் எடுத்துப் போங்கள், அடுப்பு கேஸ்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அக்கா கேட்டதில் பாதி இதுதான், நான் சொல்ல நினைப்பதிலும் பெரும்பகுதி இதுதான். நம் சமையலறையையே மூட்டை கட்ட வேண்டாம். நம் சமையலறையில் பாதி அங்கிருந்து வந்ததுதான். மிளகாய், மக்காச்சோளம், சௌசௌ, கொய்யா, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்துச் செடிகள். ராயக்கோட்டையில் லாரி லாரியாக ஏறுகிற தக்காளியின் 'டொமேட்டோ' என்ற பெயரே மெக்சிகோவின் பழைய நாவாத்ல் மொழியில் 'தொமாத்ல்' என்பதிலிருந்து கிளம்பி, ஆங்கிலம் வரைக்கும் போனது. அதனால் சந்தைக்குப் போனால் திகைக்க மாட்டீர்கள்.

தெருச் சந்தைக்குப் பெயர் தியாங்கிஸ். வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவை அடைத்துத் துணிப்பந்தல் போட்டுவிடுவார்கள், போச்சம்பள்ளிச் சந்தையைச் சுருக்கிப் போட்டது போல இருக்கும். உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்று முதல் வாரமே கேட்டுவையுங்கள். நம் மளிகைக்கு அங்கே என்ன பெயர் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அதிலிருந்து சொல்கிறேன்.

வெல்லம் அங்கே பிலோன்சீயோ. பழுப்பு நிறத்தில் கூம்பு கூம்பாக விற்பார்கள். நம் தர்மபுரி வெல்லத்தைவிடக் கெட்டி, கத்தியால் சீவ வேண்டும். பொங்கலுக்கு அதுதான் போட்டேன், நிறமும் மணமும் குறையில்லை. புளி எல்லா இடத்திலும் இருக்கிறது, தமரிந்தோ என்றால் ஓட்டோடு அள்ளிப் போடுவார்கள். சீரகத்துக்கு கொமினோ. கொத்தமல்லித் தழை கட்டுக் கட்டாக இருக்கும், பெயர் சிலாந்த்ரோ. பச்சை மிளகாய்க்கு செர்ரானோ, தாளிக்கிற வற்றல் மிளகாய்க்கு சீலே தே ஆர்போல். சாம்பாருக்கு நிறம் வேண்டுமென்றால் குவாஹீயோ என்ற நீள வற்றலில் இரண்டு சேருங்கள், காரம் ஏறாது. எலுமிச்சை நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையேதான். மஞ்சள் தூளும் தேடினால் கிடைக்கும்.

கீரைதான் எனக்கு எதிர்பாராத சந்தோஷம். வெர்தொலாகாஸ் என்று ஒரு கட்டை எடுத்துப் பார்த்தால், நம் பருப்புக்கீரை! அங்கே பன்றிக்கறியோடு பச்சைச் சாற்றில் வேகவைக்கிறார்கள். நான் பயறு வாங்கி, பூண்டு தட்டிப்போட்டு, கீரையைக் கடைந்து வைத்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் சீவி விற்பார்கள், நோபால் என்று பெயர். கொழகொழப்பு வெண்டைக்காய் மாதிரிதான், வதக்கி வதக்கி வற்றவிட்டால் பொரியலுக்கு நன்றாக இருக்கும். தயங்காமல் வாங்குங்கள்.

தொர்த்தீயா எனும் மக்காச்சோள ரொட்டியைக் கிலோ கணக்கில் சுடச்சுடத் தருகிற கடை தெருவுக்குத் தெரு உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டுக் கழுவி, அரைத்த மாவு அது. சுண்ணாம்பு சேர்வதால்தான் தோல் கழன்று மாவு சேர்ந்து வருகிறது, சத்தும் உடம்பில் ஒட்டுகிறது. அந்த மாவில் களி கிண்டிப் பார்த்தேன், தனியாகச் சரிவரவில்லை. கேழ்வரகு மாவு பாதி கலந்து கிண்டினேன், உருண்டை நின்றது. காலையில் விற்கிற அத்தோலே நம் கூழின் அக்கா தங்கைதான், இனிப்பாக இருக்கும்.

ஆக, இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான். கேழ்வரகு மாவு, பெருங்காயம், வெந்தயப் பொடி, சாம்பார்ப் பொடி, உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை. இரண்டு கிலோ நிப்பட் (தட்டை), அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க. எல்லாம் கடைப் பாக்கெட்டில், பெயரோடு, பிரிக்காமல் இருக்கட்டும். விதை, பழம், பச்சைக் காய், செடி எதையும் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். உளுந்தும் துவரம்பருப்பும் இணையத்தில் வாங்கலாம், விலைதான் கூடுதல். இட்லி மாவு ராத்திரிக் குளிரில் பொங்காது. ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டுவையுங்கள், காலையில் பொங்கி நிற்கும்.

வெளியில் சாப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. விரதம் இருக்கிறவர்கள் "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டுக்கறி, பன்றிக்கறிதான், கோழி அதில் சேராது. "சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். போயோ என்றால் கோழி. மந்தேகா என்பது பன்றிக் கொழுப்பு, அவரை மசியலிலும், தமால் என்கிற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையிலும் சேர்ப்பார்கள். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு.

மொழி தெரியாதே என்று அக்கா மறுகுகிறார். இருபது வார்த்தை போதும். கடைக்குள் நுழைந்தால் காலையில் "ப்வேனோஸ் தியாஸ்", மதியத்துக்குமேல் "ப்வேனாஸ் தார்தேஸ்". வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. "குவான்தோ குவேஸ்தா" என்றால் எவ்வளவு. "மேதியோ கிலோ" என்றால் அரைக்கிலோ. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டு நகருங்கள், முகம் மலர்ந்துவிடும். "அஹோரீத்தா" என்று சொன்னால் நம் ஊரில் "இதோ வந்துட்டேன்" என்பது போல, பத்து நிமிஷமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம்.

விலைப்பலகையில் டாலர் குறி இருந்தால் பயப்பட வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான். நாங்கள் இருந்தபோது ஒரு பெசோ ஏறக்குறைய 5 ரூபாய். சந்தைக்கு 20, 50 நோட்டாக எடுத்துப் போங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை ஐந்து மாதத்துக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும், கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பல மருந்துக்கடைகளுக்கு ஒட்டினாற்போலவே ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார், சளி காய்ச்சலுக்கு அங்கே போகலாம். அவசரத்துக்கு 911. ஊருக்குப் பேச, நம் நேரம் அங்கத்து நேரத்தைவிடப் பதினொன்றரை மணி முன்னால் என்று நினைவில் வையுங்கள். அங்கே காலை 7 என்றால் இங்கே மாலை 6.30.

அக்டோபரிலேயே போக முடிந்தால் போங்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். படம் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவர்களுக்குப் பிடித்த பண்டம் வைத்து, செம்பசூச்சில் என்ற பூவால் வழி போடுகிறார்கள். அந்தப் பூ நம் ஓசூர்ப் பக்கம் வயல் வயலாகப் பூக்கிற செண்டுமல்லி. அதன் தாயகமும் மெக்சிகோதான். பக்கத்து வீட்டு அம்மா எங்களையும் கூப்பிட்டார். நான் என் மாமியார் படத்தைச் செல்போனில் காட்டினேன். அவர் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினார். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், வெறுங்கையோடு போகாமல் பூவோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு போங்கள். கல்லறையில் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

ஜனவரி 6 அன்று வளையமாக ஒரு ரொட்டி வெட்டுவார்கள், ரோஸ்கா என்று பெயர். உள்ளே சின்னக் குழந்தைப் பொம்மை ஒளித்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர்கள் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் துண்டில் வந்தது. மகள் தமால் வாங்கினாள், நான் மக்காச்சோளத் தோகையில் கொழுக்கட்டை மாவைக் கட்டி, பிலோன்சீயோ பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தேன். தட்டு காலி. அக்கா போகும்போது ஒரு பாக்கெட் கொழுக்கட்டை மாவும் எடுத்துப் போகலாம்.

கடைசியாக ஒன்று. மிக்ஸி இல்லாத குறையை மோல்காஹேத்தே தீர்த்தது. எரிமலைக் கல்லில் மூன்று கால் வைத்துக் குடைந்த குட்டி உரல் அது. மெத்தாத்தே என்றால் நம் அம்மி. பக்கத்து ஊரான தொனாலாவில் வியாழனும் ஞாயிறும் பெரிய தெருச் சந்தை கூடும், அங்கே வாங்கினோம். தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கசியக் கூடாது, விரலால் தேய்த்தால் துகள் உதிரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நேராகச் சட்னி அரைத்துவிடாதீர்கள். புது அம்மிக்குச் செய்வது போல, ஒரு பிடி பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டுங்கள். முதலில் மாவு சாம்பல் நிறமாக வரும். நாலைந்து தடவை அரைத்து, மாவு வெள்ளையாக வந்த பிறகு, கொஞ்சம் பூண்டும் கல்லுப்பும் வைத்து ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு, தக்காளியைச் சுட்டுப் போடுங்கள்.