சோலைக்கிளியைத் தேடிப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னப் பாட்டுப் பறவை சோலைக்கிளி. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 15 செ.மீ.தான். பெயரில் கிளி இருந்தாலும் இது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. ஊட்டி, கொடைக்கானல் ஊர்களை ஒட்டியே வாழ்கிறது. ஆனாலும் அங்கே போய்வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காட்டின் தரையை ஒட்டிய இருட்டிலேயே இதன் வாழ்க்கை கழிந்துவிடுவதுதான் காரணம். முறை தெரிந்தால் புதியவர்களும் பார்க்கலாம்.

படி 1: எந்த மலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மற்றப் பறவைகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு புத்தகத்தில் இனம் தேடுவோம். சோலைக்கிளிக்கு மலையைத் தேர்ந்தெடுத்த உடனேயே இனமும் ஏறக்குறைய முடிவாகிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் கர்நாடக மலைகளிலும் இருப்பது நீலகிரி சோலைக்கிளி. தெற்கே பழனி மலை, ஆனைமலை, மூணாறு பக்கம் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பகுதியில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைத் தனி இனம் என்போரும் உண்டு, வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் கிளையினம் என்போரும் உண்டு.

ஒரு கணவாய் இப்படிப் பிரிக்குமா என்று தோன்றலாம். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். பருந்துக்கு அது ஒரு தூரமே இல்லை. குளிர்ந்த நிழலை விட்டு வெளியே வராத இந்தக் குட்டைச் சிறகுப் பறவைக்கோ அது கடக்க முடியாத வெயில். இரண்டு பக்கத்துப் பறவைகளும் பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே வாழ்ந்து வெவ்வேறாகிவிட்டன. முன்பு இவற்றை இமயமலைப் பக்கத்துக் குறு இறக்கைப் பறவைகளோடு ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுதியில், வைத்திருந்தார்கள். 2017இல் வி. வி. ராபினும் சக ஆய்வாளர்களும் மரபணுவை ஆராய்ந்து, அவற்றோடு இவற்றுக்கு நெருங்கிய உறவில்லை என்று காட்டினார்கள். ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தையும் உருவாக்கினார்கள். நம் மலைகளுக்கே உரிய ஒரு பேரினம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

படி 2: சரியான சோலையைக் கண்டுபிடியுங்கள்

பொதுவாக 1,200 மீட்டருக்கு மேலே தேட வேண்டும். மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து, கிளையெல்லாம் பாசி படிந்திருக்கும் காடுதான் சோலை. சுற்றிலும் புல்வெளி இருக்கும். பச்சையாகத் தெரிகிற எல்லாமே சோலை இல்லை. சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் தோப்புகளும் தூரத்திலிருந்து காடு போலவே தெரியும். அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நீலகிரியில் கோத்தகிரியின் லாங்வுட் சோலையும், கொடைக்கானலில் ஊரை ஒட்டிய பாம்பே சோலையும் தொடங்குவதற்கு நல்ல இடங்கள். உள்ளே போக வனத்துறையின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் நின்று சோலை விளிம்பைக் கவனித்தாலும் போதும்.

படி 3: விடியும் முன் போய் உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி. சோலைக்கிளியைத் துரத்திப் பிடிக்க முடியாது, அது வருகிற இடத்தில் காத்திருக்கத்தான் முடியும். காலை வெளிச்சம் வரும் நேரமும் மாலை மங்கும் நேரமும்தான் இது அதிகம் நடமாடும். ஓடைக்கரையோ, சருகு தடிமனாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையின் ஓரமோ பார்த்து அசையாமல் உட்காருங்கள். மங்கிய நிறத்தில் உடை, அட்டைக்கடிக்குக் காலுறை. 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை உள்ள) பைனாகுலர் இருட்டுக் காட்டுக்குப் பொருத்தம்.

கண்ணை முழங்கால் உயரத்துக்குக் கீழேயே வைத்திருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் மேலே பார்த்தே ஏமாறுகிறார்கள்.

படி 4: முதலில் காது, அப்புறம் கண்

சீட்டியும் கரகரப்பும் கலந்து, ஏறி இறங்கி நீண்டுகொண்டே போகும் மெல்லிய பாட்டு இதனுடையது. கிளம்பும் முன் பறவைக் குரல்களைத் தொகுத்து வைத்திருக்கும் சேனோ-கான்டோ இணையதளத்தில் பதிவுகளைப் பலமுறை கேட்டுப் பழகுங்கள். காட்டில் மட்டும் அந்தப் பதிவை ஒலிக்க விடாதீர்கள். இது இடம்பெயராத பறவை. பதிவைக் கேட்டால் தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும்.

படி 5: அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

சருகின் மேல் இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், தலை ஒரு பக்கம் சாய்கிறது, சட்டென்று ஒரு பூச்சி அலகில். பிறகு பாசி படிந்த வேர் மேல் ஏறி நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும். நேராக விலாவைப் பாருங்கள். முதுகும் மார்பும் மங்கிய கருநீலமாக இருந்து, விலாவில் செம்பழுப்பு இருந்தால் நீலகிரி சோலைக்கிளி. விலாவும் நீலச்சாம்பலாகி, வயிறு மட்டும் வெள்ளையாக இருந்தால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. நீண்ட கால்களையும் கவனியுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான்.

குழப்பக்கூடியவை இரண்டு. நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலம்தான், ஆனால் அது திறந்த கிளையில் உட்கார்ந்து பறந்து பறந்து பூச்சி பிடிக்கும். குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் நீல ராபின் இதைப் போலவே தரையில் திரியும். அதில் ஆணுக்குத் தொண்டையிலிருந்து அடிவயிறு நோக்கி ஆரஞ்சு நிறம், புருவம் பளிச்சென்ற வெள்ளை.

படி 6: பார்த்ததோடு நிறுத்தாமல் எழுதுங்கள்

தேதி, நேரம், உயரம், பக்கத்தில் ஓடை இருந்ததா, என்ன தின்றது, பாடியதா என்று குறித்து, பறவை பார்ப்போர் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். நீலகிரி சோலைக்கிளி அழியும் ஆபத்தில் உள்ள இனம். சோலைகள் தேயிலைக்கும் அயல் மரத் தோப்புகளுக்கும் இடம்கொடுத்துச் சிறு துண்டுகளாகிவிட்டன. எந்தத் துண்டில் பறவை இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க முடியும். ஒரே சோலைக்கு மறுபடி மறுபடி போங்கள். ஊர் ஊராக ஒருமுறை போவதைவிட அந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு அதிகம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது இனப்பெருக்கக் காலம். மரப்பொந்திலோ ஓடைக்கரைக் குழியிலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டி, வழக்கமாக இரண்டே முட்டைதான் இடும். வாயில் இரையோடு ஒரு பறவை உங்களைப் பார்த்து உள்ளே போகாமல் தயங்கினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். படம் எடுக்காமல் வந்த வழியே பின்வாங்கிவிடுங்கள், கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் எழுதவும் வேண்டாம்.