சங்கிலி ஏரித் தண்ணீரை ஊர்கள் சேர்ந்து பங்கிடுவது எப்படி?

சங்கிலி போல ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கும் ஏரிகளில், மேல் ஏரி நிறைந்து கலங்கல் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர், அதனால் ஒரு ஊர் மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டால் வேலைக்கு ஆகாது. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே எல்லா ஊர் ஆயக்கட்டுக்காரர்களும் (ஏரிப் பாசன நிலம் உள்ளவர்கள்) ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை ஒன்றாக நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்று கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். அவற்றை அகற்றச் சொல்லி மனு யாருக்கு? தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

சண்டை வருவது பெரும்பாலும் கலங்கலில்தான். மேல் ஊரில் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக மணல் மூட்டை அடுக்கி அரை அடி உயர்த்துவார், விடிந்ததும் கீழ் ஊர்க்காரர் கடப்பாரையோடு வந்து நிற்பார். ஆகவே இரண்டு ஊரும் சேர்ந்து நின்று கலங்கல் மட்டத்தைப் பெயின்ட்டில் குறித்து, போட்டோ எடுத்து இரு பக்க வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் மடை, அதாவது ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழி. மடையைத் திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஒருவரை வையுங்கள், அந்த ஆயக்கட்டில் நிலமில்லாதவர் என்றால் இன்னும் நல்லது. ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கூலியை முன்பே பேசிவிடுங்கள். எந்த மடை எத்தனை மணி நேரம் என்பதை அவரே பார்ப்பார். தண்ணீர் குறைந்த வருடம் கடைமடையிலிருந்து (தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் நிலங்கள்) முறையை ஆரம்பியுங்கள், தலைமடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.